சேலத்தில் குறைந்துபோன மூன்றரை லட்சம் பேர்

1871ஆம் வருஷக் குடிக்கணக்கில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 19,66,995. அடுத்து 1881இல் எடுத்த கணக்கில் 15,99,595. பத்தே வருஷத்தில் 3,67,400 பேர் குறைவு, கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். இடையில் வந்து போனது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். யாராவது அவசர அவசரமாக அள்ளிச் சாப்பிட்டால் 'தாது வருஷப் பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி' என்று சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்துச் சில வீடுகளில் இன்னும் உண்டு. ஆனால் அந்தப் பஞ்சத்தில் எங்கள் மாவட்டத்துக்கு என்ன ஆனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

அதைத் தேடிப் போனதையும், கிடைத்ததை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சரிபார்த்ததையும் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் வரலாற்றுத் துறைக்காரன் இல்லை. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எந்தப் பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டையும் என்னிடம் கிடையாது. இருந்தும், ஒரு மாவட்டத்தின் பஞ்ச வரலாற்றை மூல ஆவணங்கள் வரைக்கும் போய்ப் படிக்க முடிந்தது, அதுவும் பெரிய செலவில்லாமல். பொது நூலகத்தையும் இணையத்தையும் சேர்த்துப் பிடித்தால் இது யாருக்கும் முடியும். எல்லாம் நெட்டில் இருக்கிறது என்று நினைப்பவர்களும், நெட்டில் இருப்பதெல்லாம் குப்பை என்று ஒதுக்குபவர்களும் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது நான் பார்த்தது.

எல்லோரையும் போல நானும் கைபேசியில்தான் ஆரம்பித்தேன். பஞ்சத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று தேடினால் ஒரு பக்கத்தில் 55 லட்சம் என்று இருக்கிறது, இன்னொன்றில் 82 லட்சம், வேறொன்றில் 1 கோடியே 3 லட்சம். கணக்கு எழுதுகிறவனால் இதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. 1 கோடியே 3 லட்சம் என்றவர் வில்லியம் டிக்பி, பஞ்ச காலத்தில் சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்து நிவாரண நிதிக் குழுவுக்கும் செயலாளராக வேலை பார்த்தவர். 82 லட்சம் என்பது வெகு காலம் கழித்து அருப் மகரத்னா என்ற மக்கள்தொகை ஆய்வாளர் போட்ட கணக்கு. இவை இரண்டும் இந்தியா முழுமைக்கும். குறைவான எண்ணைச் சொல்பவர்கள் சில சமயம் பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், மைசூர், ஹைதராபாத் சமஸ்தானங்களை விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் 1879ஐயும் சேர்க்கிறார்கள். பதிவான சாவுகளை மட்டும் கூட்டுவதா, இயல்பாக எவ்வளவு மக்கள்தொகை இருந்திருக்க வேண்டும் என்று கணித்து அதிலிருந்து கழிப்பதா என்பதிலும் வேறுபாடு. பஞ்சம் முற்றிய நேரத்தில் கிராமத்தில் சாவைப் பதிவு செய்ய வேண்டியவனே ஊரை விட்டுப் போயிருப்பான், அப்படியிருக்கப் பதிவேட்டை மட்டும் நம்ப முடியுமா?

இத்தனையையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் என் கேள்வியையே சின்னதாக்கிக்கொண்டேன். இந்தியா வேண்டாம், சென்னை மாகாணமும் வேண்டாம், சேலம் மாவட்டம் மட்டும் போதும். தனியாகப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான், கேள்வியை உங்கள் கைக்குள் அடங்கும் அளவுக்குக் குறுக்குங்கள். 'இந்தியப் பஞ்சங்கள்' என்று ஆரம்பித்தால் வாழ்நாள் போதாது. 'சேலம், 1876 முதல் 1878 வரை' என்றால் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று கேட்க முடியும்.

கேட்ட இடம் எங்கள் ஊர்க் கிளை நூலகம். அங்கே நாளிதழும் நாவலும் போட்டித் தேர்வுப் புத்தகமும்தான் அதிகம். ஆனால் நூலகர் அம்மாவிடம் நான் தேடுவதைச் சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சார், இது இங்க கிடைக்காது. மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் ரெஃபரன்ஸ்ல சேலம் மேனுவல், சேலம் கெஜட்டியர்னு ரெண்டு பேரையும் சொல்லிக் கேளுங்க. அதுல பஞ்சத்துக்குத் தனிப் பகுதி இருக்கும்" என்றார். அந்த இரண்டு பெயர்களும் அதுவரை எந்தத் தேடுபொறியிலும் எனக்குத் தட்டுப்படவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதபோது எதைப் போட்டுத் தேடுவது? லெ ஃபானு என்ற அதிகாரி எழுதிய சேலம் மாவட்ட மேனுவல் 1883இல் வந்தது, அதாவது பஞ்சம் முடிந்து ஐந்தே வருஷத்தில். ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெஜட்டியர் 1918இல். இரண்டும் மாவட்டத்தின் விவரங்களை அரசுக்காகத் தொகுத்த நூல்கள். பெயர் தெரிந்த பிறகு இரண்டையும் இணையத்தில் ஸ்கேன் வடிவிலேயே படிக்க முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து இருக்கிற ஏற்பாடு இது, சுதந்திர இந்தியாவில் அந்த மாதிரிச் சட்டம் முதலில் வந்தது இங்கேதான், அதற்குப் பின்னால் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பு நிறைய இருக்கிறது. ஆகவே கிளை நூலகத்தில் போய் ஒரு சந்தேகம் கேட்பது யாரிடமோ உதவி கேட்பது ஆகாது. நம் காசில் நடக்கிற இடம், உரிமையோடு கேட்கலாம். நூலகர்களும் இப்படி ஒருவர் வந்து கேட்டால் சந்தோஷப்படுகிறார்கள் என்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

சரி, எண்களுக்கு வருகிறேன். மேலே சொன்ன இரண்டு மக்கள்தொகை எண்களும் இம்பீரியல் கெஜட்டியரில் சேலம் மாவட்டம் என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத் தளத்தில் அந்தத் தொகுதிகள் முழுக்க இலவசமாகக் கிடைக்கும், சேலம் இருப்பது 21ஆம் தொகுதி. (சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியும் அதே தளத்தில்தான் இருக்கிறது, தமிழில் எதைத் தேடுகிறவர்களும் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.) எண்ணைப் பார்த்ததும் பகிர்ந்துவிடத் தோன்றும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் போன வருஷ முடிவு இருப்பும் இந்த வருஷ ஆரம்ப இருப்பும் ஒரே கடையுடையதுதானா என்று பார்க்காமல் யாரும் வரவு செலவு போட மாட்டார்கள், அதே போலத்தான் மாவட்டமும். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம் மாவட்டம் இல்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஊத்தங்கரை, திருப்பத்தூர், ஆத்தூர், நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் அதற்குள் அடக்கம். தர்மபுரி 1965இல் தனி மாவட்டமானது, நாமக்கல் 1997இல், கிருஷ்ணகிரி 2004இல். திருப்பத்தூர் அதற்கெல்லாம் முன்பே கைமாறிவிட்டது. இன்றைக்குச் சேலம் என்று வரைபடத்தில் தெரிகிற இடத்தில் மட்டும் மூன்றரை லட்சம் பேர் குறைந்ததாக யாராவது எழுதினால் அது தப்பு.

இன்னொன்று, குறைந்த 3,67,400 பேரும் செத்தவர்கள் என்று சொல்லவும் முடியாது. பிழைக்க வேறு இடம் போனவர்கள் அதில் இருக்கிறார்கள். பஞ்சத்தில் பிறப்பும் குறைந்துபோகும், பிறக்காமல் போன குழந்தைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துதான் வருகிறார்கள். அதே சமயம் பஞ்சத்துக்கு முந்திய ஐந்து வருஷத்தில் மக்கள்தொகை கொஞ்சம் ஏறியிருக்கும், அதனால் உண்மையான இழப்பு இந்தக் கழித்தலில் வருவதைவிட அதிகமாகவும் இருக்கலாம். ஒரு எண்ணுக்குப் பின்னால் இத்தனை விஷயம் இருக்கிறது.

டிக்பி 1878இலேயே இந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு தொகுதிகளில் எழுதிவிட்டார். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச மின்நூலகத் தளத்தில் இருக்கிறது. உள்ளே தேடும் வசதியில் சேலம் என்று ஆங்கிலத்தில் போட்டால் ஊர் பெயர் வரும் பக்கங்கள் எல்லாம் வரிசையாக வரும், ஆனால் நான் அதிக நேரம் நின்றது கூலி பற்றிய பகுதியில். பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்று பெரிய சண்டையே நடந்திருக்கிறது. சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை வைஸ்ராய் லிட்டன் தெற்கே அனுப்பி வைக்கிறார். 1874இல் பிகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள்தான் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துச் சாவைப் பெருமளவு தடுத்தவர், ஆனால் செலவு அதிகம் என்று அவரை அப்போது திட்டித் தீர்த்துவிட்டார்கள். இந்த முறை அவர் சிக்கனத்தைக் காட்ட வந்திருந்தார். ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஓர் அணா, அது போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். பகல் முழுக்க மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு.

எதிர்த்து நின்றவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்கிற உடம்பு தன்னையே தின்றுகொள்ளும் என்பது அவருடைய வாதம். எதிர்ப்பு வலுத்ததும் 1877லேயே சென்னை அரசு அளவைக் கொஞ்சம் கூட்டியது, பருப்பும் சேர்த்தது. இதில் என்னை நிறுத்தி வைத்தது வேறொரு விவரம். 1871 மக்கள்தொகைக் கணக்கு அறிக்கையைச் சென்னை மாகாணத்துக்காக எழுதியவரும் இதே கார்னிஷ்தான். 19,66,995 என்ற எண் இருக்கிறதே, அதைத் தொகுத்து வெளியிட்டவர், சில வருஷம் கழித்து அதே மக்களுக்கு இன்னும் அரைப் பவுண்டு தானியம் கொடுங்கள் என்று மேலதிகாரியோடு எழுத்தில் மோதியிருக்கிறார். இது எந்தக் கட்டுரையிலும் எனக்குச் சேர்ந்து கிடைக்கவில்லை. ஒரு புத்தகத்தின் முன்பக்கத்தில் பார்த்த பெயரும் வேறொரு புத்தகத்தின் நடுவில் வந்த பெயரும் ஒன்று என்று தெரிந்த அந்த நேரத்தின் சந்தோஷத்துக்காகவே எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் நூலகத்தில் உட்காரலாம்.

அப்புறம் விலைப் பட்டியல்கள். பழைய அறிக்கைகளில் தானிய விலையை இன்று போல் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று போட மாட்டார்கள், ஒரு ரூபாய்க்கு எத்தனை சேர் (பழைய அளவு) என்று போடுவார்கள். அதனால் எண் இறங்க இறங்க விலை ஏறுகிறது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டியலைப் படித்தால் பஞ்சம் உச்சத்தில் இருந்த மாதத்தில் அரிசி மலிவாகிவிட்டது போலத் தோன்றும். பட்டியலின் தலைப்பில் இருக்கிற சின்ன எழுத்தை முதலில் படியுங்கள், எண்களை அப்புறம் பார்க்கலாம்.

தேடுவதில் சில பழக்கங்கள் கைவந்தால் வேலை பாதியாகக் குறைந்துவிடும். டெம்பிள் என்று ஆங்கிலத்தில் தேடினால் கோவில் கோவிலாக வந்து நிற்கும், கூடவே கார்னிஷ் பெயரையும் சேர்த்துப் போட்டால் நேராகக் கூலித் தகராறுக்குப் போய்ச் சேரலாம். ஊர்ப் பெயரை அன்றைய ஆங்கிலேயர் எழுதிய மாதிரியே எழுத வேண்டும், திருநெல்வேலிக்கு டின்னெவெல்லி, திருச்சிக்கு ட்ரிச்சினாபொலி, தஞ்சைக்கு டாஞ்சூர். நம் நாட்டு நூலகங்களில் ஸ்கேன் செய்து ஏற்றிய புத்தகங்களில் தலைப்பே சிதைந்திருக்கும், ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பகம் இருக்கும், தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் யாரோ காதில் விழுந்தபடி தட்டியிருப்பார்கள். தலைப்பில் கிடைக்கவில்லை என்றால் ஆசிரியர் பெயரில் பாதியை மட்டும் போடுங்கள், அதுவும் இல்லை என்றால் வருஷத்தையும் ஊரையும் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

தமிழ் நூல்களில் சிக்கல் கூடுதல். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் அச்சான புத்தகங்களில் ணா, றா, னா, லை, ளை, னை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும், ஸ்கேனிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் அதைக் கண்டு தடுமாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு என்றால் சொல்லுக்குச் சொல் இடைவெளியும் ஒழுங்காக இருக்காது. அதனால் ஆங்கில நூலில் செய்கிற மாதிரி ஒரு சொல்லைப் போட்டு உள்ளே தேடிவிட முடியாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அரிய புத்தகங்கள் ஏராளமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், பெரிய சேவை அது, ஆனால் உள்ளே இருப்பது பக்கத்தின் படம், உட்கார்ந்து புரட்டித்தான் ஆக வேண்டும். தலைப்புகளில் பஞ்சம் என்று தேடுவதோடு க்ஷாமம், கருப்பு, தாது வருஷம் என்றும் தேடிப் பாருங்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தே நூல்களை ஏற்றி வருவதால் அதில் சொல் தேடல் சுலபமாக வேலை செய்யும்.

ஷோத்கங்கா தளம் பலருக்கும் தெரிவதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன, பணம் கட்ட வேண்டியதில்லை. சென்னை மாகாணப் பஞ்சங்களைப் பற்றிய ஆய்வேடுகளை அங்கே பார்க்கலாம். ஓர் ஆய்வேட்டை அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனிக் கோப்பாகப் போட்டிருப்பார்கள். எல்லோரும் முதல் அத்தியாயத்தைத் திறப்பார்கள், நான் கடைசியில் இருக்கிற நூற்பட்டியல் கோப்பைத்தான் முதலில் திறப்பேன். யாரோ ஒருவர் பல வருஷம் அலைந்து எந்த ஆவணக் காப்பகத்தில் எந்த எண்ணுள்ள கோப்பு என்று எழுதி வைத்திருப்பார், அதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆய்விதழ்க் கட்டுரைகள் இருக்கும் ஜேஸ்டோர் தளத்திலும் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கிக்கொண்டால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், பல்கலைக்கழகத்தில் இருந்தால்தான் முடியும் என்று பலர் அதை முயன்றே பார்ப்பதில்லை.

செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பழைய அரசாங்க ஆங்கிலத்தில் அரைப் பக்கம் நீளுகிற ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளவும், வேறு எந்தச் சொற்களில் தேடலாம் என்று யோசனை கேட்கவும் நன்றாகவே உதவுகின்றன. புத்தகப் பட்டியல் மட்டும் கேட்காதீர்கள். உலகத்திலேயே இல்லாத புத்தகத்துக்கு ஆசிரியர், வருஷம், பதிப்பகம் எல்லாம் போட்டுக் கொடுக்கும். எந்த நூலகப் பட்டியலிலும் இல்லாத நூலை மேற்கோள் காட்டிவிட்டால் அப்புறம் நீங்கள் சரியாக எழுதியதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இவ்வளவும் வீட்டிலிருந்தே செய்யலாம். இதற்கு மேல் போக வேண்டுமானால் எழும்பூருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். கன்னிமாரா நூலகம் 1896இல் திறந்தது. 1954ஆம் வருஷச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. பழைய புத்தகங்களை அங்கேயே உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுக்க வேண்டும். அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நிலவரி நிர்வாகத்தைக் கவனித்த ரெவின்யூ போர்டின் நடவடிக்கைக் குறிப்புகள், மாவட்ட கலெக்டர்கள் எழுதிய கடிதங்கள், இவையெல்லாம் அங்கே இருக்கின்றன. எதற்காகப் பார்க்கிறோம் என்று எழுதி விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும், விண்ணப்பத்தோடு என்னென்ன சான்றுக் கடிதங்கள் வேண்டும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. போனதும் கோப்பைக் கேட்கக் கூடாது, முதலில் அந்தந்த வருஷத்து அகரவரிசைப் பட்டியல் தொகுதியை வாங்கிப் புரட்டி, பஞ்சம், நிவாரணம், சேலம் என்ற தலைப்புகளின் கீழ் இருக்கிற எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, அப்புறம் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். தேதி சரியாக இருந்தால் கட்டு வரும். ஆய்வேட்டின் நூற்பட்டியலிலிருந்து எண்களைக் குறித்துக்கொண்டு போயிருந்தால் இன்னும் சுலபம். காகிதம் தொட்டாலே உதிர்கிற நிலையில் இருக்கும் சில கட்டுகளை வாங்கி, ஒவ்வொரு தாளாகத் திருப்பும்போது, நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு குமாஸ்தாவின் கையெழுத்து கண்ணுக்கு நேரே இருக்கிறது. கம்பளிப் பூச்சி ஊர்ந்த மாதிரி கோணல் மாணலாக எழுதியவர்களும் உண்டு, அச்சடித்தது போல் எழுதியவர்களும் உண்டு.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கும் குடும்பங்களின் புகைப்படங்களை எல்லோரும் பார்த்திருப்போம், வருஷா வருஷம் யாராவது முகநூலில் வேறு ஏதோ ஒரு பஞ்சத்தின் பெயரைப் போட்டுப் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அவற்றில் பல, ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி இந்த 1876-78 பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் எடுத்தவை. லண்டனில் இருக்கும் வெல்கம் கலெக்‌ஷன் தளத்தில் விவரத்தோடு இருக்கின்றன. அந்த மக்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தாரே, சோறு போட்டாரா என்ற கேள்வி அந்தக் காலத்திலேயே எழுந்தது. அவர்களில் ஒருவருடைய பெயரும் படத்தோடு இல்லை.  தயவுசெய்து அந்தப் படங்களைப் பகிர்வதற்கு முன்னால் படத்தை வைத்தே தேடிப் பார்த்து, எங்கே எப்போது எடுத்தது என்று சரியாகப் போடுங்கள். பெயரே இல்லாமல் போனவர்களுக்கு ஊரும் வருஷமுமாவது சரியாக இருக்கட்டும்.

பஞ்சம் பிடித்தவர்கள் எல்லோரும் இருந்த இடத்தில் இருக்கவில்லை. சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியதுதான், அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு. கடல் தாண்டி இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு அந்த வருஷங்களில் போனவர்களும் மிக அதிகம். அந்தத் திசையில் தேட ஆசைப்பட்டால் நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் ஈழத்தவர் மின்நூலகத்தைப் பாருங்கள். மலையகத் தமிழர் பற்றிய நூல்கள், இதழ்கள், மலர்கள் அங்கே கிடைப்பது போல வேறெங்கும் கிடைப்பதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு, அந்தத் தளத்தில் ஒவ்வொரு சிற்றிதழையும் விடாமல் ஏற்றி வைக்கிறார்களே, அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானது ஆங்கிலேயர்கள் எழுதி வைத்த கணக்கு. பட்டினி கிடந்தவர்கள் பக்கத்திலிருந்து என்ன இருக்கிறது? இருக்கிறது. வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுக விலாசம் இந்தப் பஞ்சத்தைப் பற்றியதுதான், மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் போய் முறையிட, அவர் சிவகங்கைச் சீமைத் தலைவருக்குத் திருமுகம் (கடிதம்) கொடுத்து அனுப்புவதாகக் கதை. கும்மியும் சிந்துமாகப் பலர் பாடினார்கள், காலணா அரையணாவுக்கு விற்ற சின்னச் சின்னப் பிரசுரங்களாக அச்சாயின. அவை எந்தப் பெரிய நூலகத்திலும் ஒழுங்காகச் சேரவில்லை, மலிவான காகிதம், படித்து முடித்தால் கடலை மடிக்கப் போய்விடும். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனி மனிதர் இந்த மாதிரிப் பிரசுரங்களையும் விடாமல் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அங்கே போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், பழைய தமிழ்ப் பிரசுரத்தில் வருஷம் தாது, மாசி மாதம் என்று மட்டும் போட்டிருந்தால் அது 1877 பிப்ரவரி, மார்ச். தாது வருஷம் தொடங்கியது 1876 சித்திரையில் என்றாலும் மாசி வருவதற்குள் ஆங்கில வருஷம் மாறிவிடும். அறுபது வருஷம் கழித்து 1936இலும் ஒரு தாது வருஷம் வந்தது என்பதால் அச்சகத்தின் பெயரையும் எழுத்தின் அமைப்பையும் பார்த்து எந்தத் தாது என்று முடிவு செய்ய வேண்டும்.

எடுத்த குறிப்பை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு ஆயிரம் வழி சொல்வார்கள், எனக்குப் பழக்கமானது ஒரு நீளக் கணக்கு நோட்டுதான். எந்தப் புத்தகம், அச்சில் இருக்கிற பக்க எண், ஸ்கேனில் வருகிற பக்க எண் (இரண்டும் ஒத்துப்போகாது), எங்கே பார்த்தேன், அன்றைய தேதி. இணைப்புகள் ஒரு நாள் செத்துப்போகும், பக்க எண் இருந்தால் வேறொரு பிரதியில் தேடிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பக்கத்து வீடுகளில் பரணில் இருக்கும் பெட்டிகளில் பஞ்சக் கும்மி, பஞ்சச் சிந்து என்று மெல்லிசாக ஏதாவது கிடந்தால், பழைய காகிதக்காரருக்குப் போடாதீர்கள், கிழிந்த இடத்தில் செலோடேப்பும் ஒட்டாதீர்கள், கொஞ்ச வருஷத்தில் அந்தப் பசையே காகிதத்தைத் தின்றுவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து முன்னட்டை, பின்னட்டை, அச்சகத்தின் பெயர் இருக்கிற பக்கம் மூன்றையும் கைபேசியில் படம் எடுங்கள். பின்னட்டையை விட்டுவிடாதீர்கள், விலையும் விற்ற கடையின் முகவரியும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அந்தப் படங்களோடு ரோஜா முத்தையா நூலகத்துக்கோ தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். புத்தகத்தைக் கொடுக்க மனசில்லை என்றாலும், ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.